சுண்ணாம்பில் ஊறிய மீன்

வெள்ளைக்காரர்கள் சாப்பிடுவதைப் பார்த்து அதிர்ந்துபோவதற்கென்றே ஆண்டவன் தன்னைச் செம்பூருக்கு அனுப்பியிருக்கிறான் என்று ஹபீபா முடிவு செய்தது 1967ஆம் வருஷம். அந்த ஜூன் மாதம்தான் அவள் பின்லாந்துக்காரர் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். அதற்கு முன்னால் ஏழு வருஷம் தாதரில் ஒரு பார்சி அம்மாள் வீட்டில் கட்லெட்டும் கஸ்டர்டும் செய்து கை பழகியவள். அந்த அம்மாள் கண்ணை மூடியதும், அவளுடைய மகன் மூன்று வருஷம் வட இந்தியாவில் இருந்துவிட்டுத் தன் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருந்த பின்லாந்து இஞ்சினியரிடம் இவளைச் சேர்த்துவிட்டான். "சுத்தமான பொம்பளை, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று நற்சாட்சியும் சொன்னானாம். இரண்டுமே உண்மை.

பின்லாந்து எங்கே இருக்கிறது என்று தாராவியில் அவள் இருந்த சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே குளிர்காலத்தில் சூரியனே எட்டிப்பார்க்காது என்று அய்லா மேம்சாப் சொன்னதைக் கேட்டு, அப்படியென்றால் நோன்பு எப்போது திறப்பார்கள் என்பதுதான் ஹபீபாவுக்கு முதலில் தோன்றியது. வீட்டில் மூன்றே பேர். இஞ்சினியர் ஹெய்க்கி, அவர் மனைவி அய்லா, ஐந்து வயது மகள் லீசா. அய்லா வயிற்றில் நாலாவது ஆள் வளர்ந்துகொண்டிருந்தது. அய்லாவுக்கும் ஹபீபாவுக்கும் நடுவே ஓடியது இந்தி. இரண்டு பேருக்கும் அது சொந்த மொழி இல்லை, அதனால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஹபீபா திருநெல்வேலிச் சீமையில் ஏர்வாடிக்காரி. பதினாறு வயதில் ஜெயினுலாப்தீனைக் கட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினாள். அவர் அதற்கு மூன்று வருஷம் முன்பே வந்து, தாராவியில் ஒரு தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலைக்குச் சேர்ந்திருந்தார். பச்சைத் தோலைக் குழியில் ஊறப்போட்டு, மயிர் கழன்று வரும்வரை உள்ளே இறங்கி நின்று புரட்ட வேண்டும். அதுதான் அவருக்கு இன்றுவரை வேலை. விரல் இடுக்கெல்லாம் புண், உள்ளங்கை வெளுத்து, நகம் தடித்துக் கிடக்கும். ராத்திரிக்கு ராத்திரி ஹபீபா தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவாள். சுண்ணாம்புக்காரன் கை அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். ஒரே மகள் ரஷீதாவுக்குப் பத்து வயது. வீட்டில் சண்டை கிடையாது, ஏனென்றால் ஜெயினுலாப்தீன் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஹபீபா பேசுவதற்கே பொழுது சரியாக இருந்தது.

அந்த வருஷம் டிசம்பர் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அய்லா சாப்பாட்டு மேசையில் நாலு மெழுகுவர்த்தியை நிறுத்தி ஒன்றை மட்டும் ஏற்றினாள். ஏசு, அதாவது ஈசா நபி, பிறந்த நாளுக்கு நாலு ஞாயிறு காத்திருக்க வேண்டும், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம், அதுவரை வீட்டில் விசேஷச் சமையல்தான் என்றாள். அன்று மாலையே தாராவியில் ரமலான் பிறை தெரிந்தது, மறுநாள் முதல் நோன்பு. ஆகவே அந்த வீட்டின் விசேஷச் சமையல் முழுவதையும் ஹபீபா வெறும் வயிற்றோடு, நாக்கில் ஒரு சொட்டு படாமல் செய்யவேண்டி வந்தது. உப்புப் பார்க்க அய்லாவைக் கூப்பிடுவாள். அய்லா வந்து பார்த்து, "தண்ணீர்கூடவா குடிக்க மாட்டாய்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். தண்ணீர் குடித்தால் அது என்ன நோன்பு என்று ஹபீபாவும் ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கேட்பாள்.

முதலில் இஞ்சி பிஸ்கட். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டு மாவைப் பிசைந்து, இதயமாகவும் பன்றியாகவும் வெட்டிச் சுடுவது. பன்றி வடிவத்தை வெட்ட மாட்டேன் என்று ஹபீபா சொல்லிவிட்டாள், அதை லீசா வெட்டினாள். அடுத்தது உலர்ந்த பிளம்ஸ் பழத்தைக் கூழாக்கி நடுவில் வைத்து மடித்த நட்சத்திரப் பலகாரம். அது அவளுக்கே பிடித்துப்போய், நோன்பு திறக்க நாலைந்து கட்டி எடுத்துப்போனாள். அதற்கப்புறம் உருளைக்கிழங்கு. மசித்த கிழங்கில் மைதாவைத் தூவி, மூடி, கதகதப்பான இடத்தில் அரை நாள் விட்டுவிட்டால் சர்க்கரை போடாமலே இனிக்கிறது என்று அய்லா குதித்தாள். பம்பாய் முழுக்கவே கதகதப்பான இடம்தானே, அரை நாள்கூட ஆகவில்லை. சர்க்கரை போடாமல் இனித்தால் அது கெட்டுப்போனது என்பதுதான் ஹபீபா அறிந்த சமையல். வாயை மூடிக்கொண்டு அடுப்பில் வைத்தாள்.

பால்சோற்றில்தான் மானம் போனது. அரிசியைப் பாலில் குழையக் குழைய வேகவைத்து, இறக்கும்போது ஒரே ஒரு பாதாம் பருப்பைப் போடச் சொல்லி அய்லா முதல் நாளே கையில் கொடுத்தாள். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டில் ஒரு பாதாம். இவ்வளவு பெரிய இஞ்சினியருக்கு இப்படி ஒரு கஷ்டமா என்று ஹபீபா நினைத்துக்கொண்டாள். கிராண்ட் ரோடு கடையில் ரஷீதாவின் அம்மைக் காய்ச்சலுக்குப் பிறகு வாங்கி வைத்திருந்த பாதாமை மறுநாள் முடிந்துகொண்டு வந்து, ஒரு கை நிறைய அள்ளிப் போட்டாள். யார் கிண்ணத்தில் அந்த ஒற்றைப் பாதாம் வருகிறதோ அவருக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் என்பது அவர்கள் ஊர் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஆளுக்கு எட்டு அதிர்ஷ்டம். ஹெய்க்கி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அய்லா சிரித்துவிட்டு, எழுந்துவந்து ஹபீபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எஜமானி தன் கையைப் பிடிப்பது ஹபீபாவுக்கு அதுதான் முதல் தடவை.

ஒன்பதாம் தேதி மீன் வந்தது. அதாவது கப்பலில் எப்போதோ வந்து சேர்ந்து, பெட்டிக்குள் காத்துக் கிடந்ததை அன்று வெளியே எடுத்தாள் அய்லா. அவளுடைய அம்மா அனுப்பிய கருவாடு. கருவாடு என்றால் ஹபீபாவுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது உப்பே போடாமல் குளிர்காற்றில் தொங்கவிட்டுக் காயவைத்தது. முழ நீளத்தில் நாலு துண்டு, தட்டினால் விறகுக்கட்டைச் சத்தம். அம்மா எழுதிய கடிதத்தைப் பார்த்து அய்லா சொன்னாள். "நாலு நாள் தண்ணீரில் ஊற வேண்டும். அப்புறம் நாலு நாள் சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரில். அப்புறம் ஒரு வாரம் தினமும் நல்ல தண்ணீர் மாற்ற வேண்டும். இருபத்துநாலாம் தேதி வேகவைப்போம்."

"சுண்ணாம்பிலா மேம்சாப்?"

"சுண்ணாம்பில்தான்."

"அது தோல் ஊறப்போடுறது. மயிர் உதிர்றதுக்கு."

"மீனுக்கு ஏது மயிர்?" என்றாள் அய்லா.

அய்லா தன் கையால் இதைச் செய்து பார்த்தவள் இல்லை. ஊறிய மீனாகவே கடையில் கிடைக்குமாம், கிராமத்தில் இருக்கிற அம்மா மட்டும்தான் இன்னும் வீட்டில் ஊறப்போடுகிறவள். நாற்றம் தாங்க முடியாது, ஆனால் நாறினால்தான் சரியாக வருகிறது என்று அர்த்தம், என்று கடிதத்தில் எழுதியிருந்தது. ஏழு மாத வயிற்றோடு நாற்றம் ஆகாது என்பதால் தொட்டியைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்து, முழுப் பொறுப்பையும் ஹபீபாவிடம் விட்டுவிட்டாள். "மூன்று வருஷமாக இந்த வாசனை இல்லாமல் எனக்குப் பண்டிகையே இல்லை, ஹபீபா" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியதை ஹபீபா பார்த்தாள். இந்த மீன் ஒன்றையாவது குறையில்லாமல் செய்துகொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம் வந்துவிட்டது. பாதாமில் போன மானம் வேறு பாக்கி இருந்தது.

சோடா கடையில் கிடைத்தது. சுண்ணாம்புதான் பிரச்சினை. செம்பூர்க் கடையில் விற்கிறதில் பாதி மண், பாதி கல்பொடி. பம்பாயிலேயே நல்ல சுண்ணாம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே சமையல்காரி தான்தான் என்று ஹபீபாவுக்குப் பெருமை. நீற்றி, சலித்து, நாள்பட ஊறி, வெண்ணெய் மாதிரி இருக்கும் அவள் புருஷனுடைய தோல்ஷாப்புச் சுண்ணாம்பு. ஆனால் ஜெயினுலாப்தீனிடம் கேட்டால் கிடைக்காது. வேலை செய்கிற இடத்திலிருந்து ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷன் அவர். கேட்காமல் எடுத்தால்தான் உண்டு.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வழக்கம்போல் நோன்புக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு தோல்ஷாப்புக்குப் போனாள். எல்லாரும் கஞ்சி குடித்துவிட்டு அந்தி நேரத்து மஃரிப் தொழுகைக்கு வரிசையில் நின்றார்கள். குழிக்குப் பக்கத்தில் மூடி போட்டு மூன்று பீப்பாய்கள். ஓரத்தில் இருந்ததைத் திறந்து, காலியான தூக்குச்சட்டியில் ரொப்பிக்கொண்டாள். தொழுகிற இடத்துக்குப் பத்தடி தூரத்தில் திருடுகிறோமே என்று உள்ளே உறுத்தியது. ஈசா நபியின் பண்டிகைக்குத்தானே, அவரும் நமக்கு நபிதானே என்று ஆண்டவனிடம் ஒரு கணக்குச் சொல்லிவிட்டு நடந்தாள்.

சுண்ணாம்பு கரைத்த அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் காக்காய்கூட வரவில்லை. முட்டை அழுகின மாதிரி ஒரு நாற்றம். லீசா மூக்கைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாள். தினமும் காலையில் அய்லா சமையலறை வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நாறுகிறதா?"

"ரொம்ப நாறுது மேம்சாப்."

"நல்லது" என்று சந்தோஷமாகப் போவாள்.

நாலு நாளில் அந்த விறகுக்கட்டை உப்பி, மெத்து மெத்தென்று, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஹபீபா நிஜமாகவே பயந்துபோனாள். இதை மனுஷர் வயிற்றுக்குள் போடுவதா என்று தோன்றியது. ஆனால் சர்க்கரை போடாத கிழங்கு இனித்த வீட்டில் எது நடந்தாலும் நடக்கும். ஒரு வாரம் தண்ணீர் மாற்றினாள். நாற்றம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

இருபத்துநாலாம் தேதியும் ஞாயிறு. நாலாவது மெழுகுவர்த்தியும் பண்டிகைச் சாப்பாடும் ஒரே நாளில் வந்தன. ஹபீபாவுக்கு இருபத்தோராவது நோன்பு. பன்றித்தொடையைக் கோவாக்காரர் கடையிலிருந்து வெந்ததாகவே வாங்கி, தனி அலமாரியில் ஹெய்க்கியே வைத்துக்கொண்டார், அதில் அவளுக்குச் சங்கடம் இல்லை. அவள் காரட்டும் பீட்ரூட்டும் முடித்துவிட்டு, மீனை உப்புத் தூவி வேகவைத்து, மைதாவும் பாலும் காய்ச்சின குழம்பை மேலே ஊற்றி மூடினாள். வெள்ளை மீன், வெள்ளைக் கிழங்கு, வெள்ளைக் குழம்பு, வெள்ளைத் தட்டு. ஒரு வற்றல் மிளகாயாவது கிள்ளிப்போட அவள் கை துடித்தது. அய்லா வந்து முகர்ந்து பார்த்தாள். கொஞ்சம் முகம் சுளித்து, "அம்மா செய்தது இவ்வளவு கடுமையாக இருக்காது, பம்பாய் வெயிலுக்கு இப்படி இருக்கும்போல" என்றாள். குளித்துவிட்டு ஆறு மணிக்கு உட்காருவோம், நாங்களே பரிமாறிக்கொள்வோம், நீ போய் உன் வீட்டில் நோன்பு திற என்று மூன்றரை மணிக்கே அனுப்பினாள். அனுப்பும்போது ஒரு கிண்ணத்தில் மீனை அள்ளி மூடி, உன் வீட்டுக்கு என்று கொடுத்தாள்.

நாலே முக்காலுக்கு ஹபீபா தாராவியில் தன் வீட்டுக்குள் நுழைந்தாள். ஜெயினுலாப்தீன் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். ரஷீதாவுக்கு நோன்பு இல்லை. கிண்ணத்தைப் பார்த்ததும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

"என்ன உம்மா இது?"

"வெள்ளைக்காரன் கருவாடு. திங்கிறியா? ஒரு துண்டு தின்னு பாரு" என்று மூடியைத் திறந்தாள் ஹபீபா.

ரஷீதா ஒரு விள்ளலைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். கட்டிலிலிருந்து ஜெயினுலாப்தீன் எழுந்தது எப்போது, மகள் கையில் அடித்தது எப்போது என்று ஹபீபாவால் பிறகு எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. மீன் சுவரில் போய் ஒட்டியது. கிண்ணம் உருண்டது. பிறந்ததிலிருந்து வாப்பாவிடம் ஒரு அதட்டல்கூட வாங்காத பிள்ளை அழக்கூட மறந்து நின்றது.

"வாயில வச்சியா? சொல்லு, வச்சியா?" என்று அவர் மகளின் தாடையைப் பிடித்துத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். பிறகு திரும்பினார். "ஏ புள்ள, இதுல எங்க குழி வாடை அடிக்கி. எங்கேருந்து வந்துச்சு இது?"

ஹபீபா சொன்னாள். தூக்குச்சட்டி, மஃரிப், ஓரத்துப் பீப்பாய். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"ஓரத்துப் பீப்பாயா? அதுல மருந்து கலந்துருக்கு புள்ள. சுண்ணாம்பு மட்டும் போட்டா மயிரு கழலுமா? செகப்பு மருந்து. ஆர்சனிக். ஒரு சிட்டிகை உள்ள போனா ஆளு தங்காது."

"அவுக ஆறு மணிக்கு உக்காருவாவ" என்றாள் ஹபீபா.

"ஓடு. நான் வரலை. போலீசு கீலீசுன்னா ரெண்டு பேரையும் சேத்துப் பிடிச்சா இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா? நீ போ. ஆர்சனிக்னு சொல்லு. டாக்டருகிட்ட அந்தப் பேரைச் சொன்னாத்தான் வைத்தியம் பாக்க முடியும். மறந்துராத."

அவள் சயான் வரைக்கும் ஓடினாள். பதினாலு வருஷமாகப் பம்பாயில் இருக்கிறவள், தெருவில் ஓடியதில்லை. செருப்பு ஒன்று வழியில் போய்விட்டது, மற்றதை அவளே உதறினாள். பஸ் நிறுத்தத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வரிசை. வரிசையை மீறி ஏறினவளைக் கண்டக்டர் திட்டினான், அவள் காதில் விழவில்லை. ஆர்சனிக், ஆர்சனிக் என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்து ஸீட்டு அம்மாள் ஏதோ ஜபம் என்று நினைத்து ஒதுங்கி இடம் விட்டாள். உட்கார்ந்தவளுக்குக் கண்ணை மூடினால் லீசா முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு தெரிந்தாள். அய்லாவின் வயிறு தெரிந்தது. வயிற்றுக்குள் இருக்கிறதையும் சேர்த்து நாலு உயிர், என் கையால், நோன்பு வைத்த கையால், என்று நினைத்தாள். தூக்கில் போடுவார்களோ என்ற பயம்கூட அதற்கப்புறம்தான் வந்தது. நான் பாவி, யா அல்லா, ஒரு ஐந்து நிமிஷம் அந்தக் குளியலறைத் தண்ணீர் சுடாமல் போகட்டும் என்று வேண்டினாள்.

செம்பூரில் இறங்கும்போது பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நோன்பு திறக்கிற நேரம். அவள் நிற்கவில்லை.

ஆறு மாதத்தில் ஒரு நாளும் முன்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போகாதவள் அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். நாலு மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருந்தன. மூன்று பேரும் குளித்து, தலை ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று தட்டிலும் மீன். லீசாவின் முள்கரண்டியில் ஒரு துண்டு குத்தியிருந்தது, அவள் மற்றக் கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹபீபா அந்தக் கரண்டியைப் பிடுங்கினாள். அய்லாவின் தட்டைத் தரையில் தள்ளினாள். "ஜஹர்" என்றாள், விஷம் என்று இந்தியில். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

அய்லா எழுந்து நின்றாள். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. முதல் வாய் வீட்டுக்காரருக்கு என்பது அவர்கள் வீட்டு முறை. ஹெய்க்கி மட்டும் ஒரு வாய் விழுங்கியிருந்தார். ருசி சரியில்லை என்று சொன்னால் பெண்டாட்டி மனசு ஒடிந்துபோகுமே என்று இரண்டாவது வாயைக் கையில் எடுத்து வைத்திருந்தாராம்.

"சுண்ணாம்பு... என் புருஷன் தோல்ஷாப்புது... நான் எடுத்தேன். ஆர்சனிக்" என்றாள் ஹபீபா.

அந்தச் சொல்லுக்கு அவள் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரசாயனத் தொழிற்சாலை இஞ்சினியர் அவர். நாற்காலி கவிழ எழுந்து, சமையலறைக்குப் போய் உப்பைக் கரைத்துக் குடித்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தார். அய்லா மகளை இழுத்து அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லீசாவின் வாயைத் திரும்பத் திரும்ப தன் கவுன் ஓரத்தால் துடைத்தாள். ஹபீபாவை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

டாக்டர் வந்தார். ஒரு வாரம் ஊறின தண்ணீர் முக்கால்வாசி விஷத்தைக் கொண்டுபோயிருக்கும், போனது ஒரு வாய், அதுவும் உடனே வெளியே வந்துவிட்டது, இரண்டு நாள் வயிறு படுத்தும், பிழைத்தார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹெய்க்கி வெளுத்த முகத்தோடு எழுந்து, தொழிற்சாலைப் பையிலிருந்து முழங்கைவரை வருகிற கறுப்பு ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். மீன் இருந்த தட்டு, பாத்திரம், கொட்டகைத் தொட்டி எல்லாவற்றையும் அந்தக் கையோடு தூக்கிக்கொண்டுபோய், தோட்டத்து மூலையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். உதவிக்கு வந்த ஹபீபாவைத் தொடாதே என்று தள்ளி நிறுத்தினார்.

"சாப்பிடத்தானே கூடாது சாப், தொட்டால் என்ன?" என்றாள் அவள்.

"தோல் வழியாகவே உள்ளே போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும்" என்றார் அவர். பிறகு ஏதோ உறைத்தவர்போல் நிமிர்ந்தார். "உன் புருஷன் இதைக் கையால் தொடுவாரா?"

"கையாலா? அதுக்குள்ள இறங்கி நிப்பார் சாப். முட்டிவரைக்கும்."

"கையுறை? பூட்ஸ்?"

"வெறுங்கால்தான்."

"எத்தனை வருஷமாக?"

"பதினேழு."

ஆறு மாதமாக அவர்கள் தட்டைப் பார்த்து அவள் திகைத்துநின்ற மாதிரி, இப்போது அவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்து நின்றார். ஒரு தட்டு மீனைத் தூக்கியெறிய முழங்கைவரை ரப்பர் மாட்டிக்கொண்ட அந்தக் கையை ஹபீபா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் எண்ணெய் தேய்த்த கை ஞாபகம் வந்தது. பஸ்ஸில் வந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"சாப், அந்தக் கையுறையைக் கழுவி எனக்குக் கொடுப்பீங்களா?" என்றாள்.

அவர் கழுவினதைக் கொடுக்கவில்லை. உள்ளே போய்ப் புதிதாக ஒரு ஜோடி எடுத்துவந்து கொடுத்தார்.

அந்த வேலை போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டு நாள் கழித்து அய்லாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். பிப்ரவரியில் ஆண் குழந்தை பிறந்து, அதையும் ஒன்றரை வருஷம் ஹபீபாதான் இடுப்பில் சுமந்தாள். மீனைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது ஜெயினுலாப்தீன் வாசலிலேயே நின்றார். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்தார், தின்றிருக்கவில்லை. ரஷீதா அழுது அழுது தூங்கிப்போயிருந்தாள்.

"தின்னுட்டாங்களா?"

"சாப் மட்டும் ஒரு வாய். கக்கிட்டாவ. ஒண்ணும் இல்லேன்னுட்டாரு டாக்டரு."

"அல்ஹம்துலில்லா" என்று அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். அவள் மடியிலிருந்து கையுறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், தொடவில்லை.

"தோலு வழியாவே உள்ள போகுமாம். கொஞ்சம் கொஞ்சமா ஆளைக் கொல்லுமாம். சாப் சொன்னாரு" என்றாள். சொல்லும்போதே, தான் பஸ் முழுக்க முணுமுணுத்து வந்த சொல்லை யார் வாயிலிருந்து முதலில் கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. சுவரில் ஒட்டிய மீன் இன்னும் அங்கேயே இருந்தது. "ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் ஜெயினுலாப்தீன்.

"எப்பத்துலேருந்து?"

"நயினார் மவுத்தான அன்னையிலேருந்து."

நயினார் அவரோடு அதே குழியில் நின்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அந்த வீட்டுக்கு நாற்பது நாளும் ஹபீபாதான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"காய்ச்சல்னுதானே சொன்னீங்க."

"மொதலாளி காய்ச்சல்னு சொல்லச் சொன்னாவ. சொன்னோம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ போகவிடமாட்டே. போகாம என்ன செய்ய?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். எப்போதும்போல் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். பதினாலு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன் தினம் காலையில் தெரிந்தே விஷத்தில் இறங்கியிருக்கிறான், தான் எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறோம். அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது, தன்மேல் வந்தது, யார்மேல் என்று தெரியாமலும் வந்தது. படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அவர் வேலைக்குப் புறப்பட்டபோது கையுறையை அவளே எடுத்து அவர் இடுப்பில் செருகி, இதை மாட்டாமல் குழியில் இறங்கினால் இந்த வீட்டுப் படி ஏறாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். அவர் சரி என்று தலையாட்டினார். சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது அவர் வெறுங்கையோடு வந்து தூக்குச்சட்டியை வாங்கினார். கையுறை எங்கே என்று கேட்டாள்.

"இன்னைக்குப் புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தான். அவனுக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

"எவனுக்கு?"

"நயினார் மவன்."